சிவப்பணுவின் காவல் நொதி

நுழையும்முன்

நாம் உண்ணும் மாவுச்சத்து உடலுக்கு ஆற்றல் தருகிறது என்பதைக் கீழ்வகுப்புகளிலேயே கற்றிருக்கிறோம். அதே மாவுச்சத்து செல்லைக் காக்கும் பணியையும் செய்கிறது. அக்காவற்பணியைத் தொடங்கி வைப்பது ஒரு நொதி. அந்த நொதி குறைவாக உள்ள ஒருவருக்கு, நோய் தீர்க்க வந்த மாத்திரையே தீங்காக முடியலாம். ஆடைகளுக்கிடையே வைக்கும் அந்துருண்டை ஒரு பச்சிளங்குழந்தையின் உயிருக்கு இடராகலாம். அறிவியல் இந்த நொதியைக் கண்டறிந்த வரலாற்றையும், அது செயற்படும் முறையையும், அதன் குறைபாடு நமக்கு உணர்த்தும் செய்திகளையும் இப்பாடம் விளக்குகிறது.

நொதி என்னும் சொல்

இட்லிக்கு அரைத்த மாவு ஓர் இரவு கழிந்தபின் பொங்கிப் புளித்திருப்பதை நாள்தோறும் காண்கிறோம். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைப்பதால் இம்மாற்றம் நிகழ்கிறது. இதனை நொதித்தல் என்கிறோம். நொதித்தலை நிகழ்த்தும் பொருள் நொதி எனப் பெயர் பெற்றது. மேலைநாட்டு அறிஞர்கள் இதற்குச் சூட்டிய ‘என்சைம்’ என்னும் பெயரும் ‘ஈஸ்ட்டினுள் இருப்பது’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்ததே. இரு மொழிகளிலும் இச்சொல் புளித்தலை ஒட்டியே அமைந்திருப்பது கருதத்தக்கது.

உயிருள்ள செல் இல்லாமல் நொதித்தல் நிகழாது என்றே 19ஆம் நூற்றாண்டின் அறிஞர் பலரும் எண்ணினர். செருமானிய வேதியியலாளர் எடுவர்டு புக்னர் 1897ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தை மாற்றினார். அவர் ஈஸ்ட் செல்களை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் எதுவும் இல்லாத சாற்றைப் பெற்றார். அச்சாற்றில் சர்க்கரையைச் சேர்த்தபோதும் நொதித்தல் நிகழ்ந்தது. வினையை நிகழ்த்துவது செல்லின் உயிர்ப்பண்பு அன்று, செல்லுக்குள் இருக்கும் வேதிப்பொருளே என்பது இதனால் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக 1907ஆம் ஆண்டு அவருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்களே. ஒவ்வொரு நொதியிலும் குறிப்பிட்ட வடிவமுடைய ஒரு செயல்மையம் உண்டு. அதில் பொருந்தும் தளப்பொருள் மட்டுமே வினைக்கு உட்படும். பூட்டுக்கு ஏற்ற சாவி போல இப்பொருத்தம் அமைகிறது. நொதி வினையின் வேகத்தைப் பன்மடங்கு கூட்டும். ஆனால் வினையின் முடிவில் தான் மாறாமல் எஞ்சி நிற்கும். ஆகவே ஒரே நொதி மூலக்கூறு மீண்டும் மீண்டும் பணியாற்ற இயல்கிறது.

சர்க்கரைக்கு இரு வழிகள்

சோறு, கம்பு, கேழ்வரகு, கிழங்கு என எதனை உண்டாலும், அதிலுள்ள மாவுச்சத்து செரிமானத்தின் முடிவில் பெரும்பாலும் குளுக்கோஸாக மாறிக் குருதியில் கலக்கிறது. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்னும் நொதி அதனுடன் ஒரு பாஸ்பேட்டை இணைக்கிறது. அவ்வாறு உருவாகும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டால் செல்லின் சவ்வைக் கடந்து எளிதில் வெளியேற இயலாது. செல்லுக்குள் தங்கிவிட்ட இம்மூலக்கூறு, சாலைகள் பிரியும் சந்திப்பில் நிற்கும் பயணியைப் போன்றது. அதன்முன் பல வழிகள் உள்ளன. அவற்றுள் இரண்டினை இங்கு நோக்குவோம்.

முதல் வழி கிளைக்காலிசிஸ் எனப்படும் சர்க்கரைச் சிதைவு. இவ்வழியில் ஆறு கார்பன்கள் கொண்ட குளுக்கோஸ், மூன்று கார்பன்கள் கொண்ட இரண்டு மூலக்கூறுகளாகப் பிளவுறுகிறது. நிகர விளைவாக இரண்டு ஏடிபி மூலக்கூறுகள் கிடைக்கின்றன. ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுப் பணம் எனலாம். செல்லின் அன்றாட வேலைகள் பலவும் இதனைக் கொண்டே நடைபெறுகின்றன.

இரண்டாம் வழி பென்டோஸ் பாஸ்பேட் வழித்தடம். இவ்வழியில் ஏடிபி நேரடியாகக் கிடைப்பதில்லை. இதன் பயன்கள் வேறு. ஒன்று, டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றை உருவாக்கத் தேவையான ஐந்து கார்பன் சர்க்கரை. மற்றொன்று, என்ஏடிபிஎச் என்னும் ஒடுக்க ஆற்றல் கொண்ட துணைநொதி. ஆக்சிஜனேற்றத்தால் பழுதான மூலக்கூறுகளைச் செப்பனிடவும், கொழுப்பு அமிலங்களை உருவாக்கவும் என்ஏடிபிஎச் தேவைப்படுகிறது. முதல் வழி செல்லுக்கு உழைப்பதற்கான ஆற்றலைத் தருகிறது என்றால், இரண்டாம் வழி ஆக்கத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய பொருள்களைத் தருகிறது.

இரண்டாம் வழியின் வாயிலில் நிற்கும் நொதியே குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். இதனைச் சுருக்கமாக ஜி6பிடி என்பர். இந்நொதி குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, என்ஏடிபி என்னும் துணைநொதியிடம் ஒப்படைக்கிறது. அது என்ஏடிபிஎச் ஆகிறது. அடுத்த படிகளுள் ஒன்றில் வேறொரு நொதி மேலும் ஒரு என்ஏடிபிஎச்சை உருவாக்குகிறது. ஆக, இவ்வழியில் நுழையும் ஒரு குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டுக்கு இரண்டு என்ஏடிபிஎச் கிடைக்கின்றன.

இவ்வழியில் எவ்வளவு சர்க்கரை செல்லவேண்டும் என்பதை முடிவுசெய்வதும் வாயிலிலுள்ள இந்நொதியே. செல்லில் என்ஏடிபிஎச் போதிய அளவு இருக்கும்போது, அதுவே இந்நொதியின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. என்ஏடிபிஎச் செலவாகி என்ஏடிபி பெருகும்போது தடை நீங்கி நொதி விரைந்து செயற்படுகிறது. களஞ்சியத்தில் நெல் குறையும்போது மட்டும் அறுவடைக்கு ஆள் அனுப்பும் சிக்கனமான ஏற்பாட்டை இஃது ஒத்திருக்கிறது.

சிவப்பணுவின் தனிநிலை

ஜி6பிடி நொதி நம் உடலின் எல்லா வகைச் செல்களிலும் உள்ளது. எனினும் அதன் குறைபாடு முதன்மையாகச் சிவப்பணுவைத் தாக்குகிறது. இதற்குக் காரணம் சிவப்பணுவின் அமைப்பிலேயே இருக்கிறது.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணு, முதிர்ச்சி அடையும்போது தன் உட்கருவை இழக்கிறது; மைட்டோகாண்ட்ரியாக்களையும் இழக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் தருவதற்காகப் பிற உறுப்புகளை எல்லாம் துறந்த செல் அது. ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் அச்செல், தான் உயிர்வாழ அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துவதில்லை. மைட்டோகாண்ட்ரியா இல்லாமையால் அதன் ஏடிபி முழுவதும் கிளைக்காலிசிஸ் வழியே கிடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா உள்ள பிற செல்கள் என்ஏடிபிஎச்சை உருவாக்க வேறு நொதிகளையும் பயன்படுத்திக்கொள்ளும். சிவப்பணுவுக்கோ பென்டோஸ் பாஸ்பேட் வழித்தடம் ஒன்றே துணை.

மற்றொரு குறையும் அதற்கு உண்டு. உட்கரு இல்லாததால் புதிய புரதங்களை உருவாக்கும் திறன் முதிர்ந்த சிவப்பணுவுக்கு இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்த நொதிகளைக் கொண்டே ஏறத்தாழ 120 நாள்களைக் கழிக்கவேண்டும். நொதி சிதைந்தால் அதனை ஈடுசெய்ய வழியில்லை.

இந்நிலையில் அது எதிர்கொள்ளும் இடரோ பெரிது. ஆக்சிஜன் உயிர்காக்கும் வளி என்று போற்றப்படினும், இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் வெட்டிய ஆப்பிளைப் பழுப்பாக்குவதும் அதுவே. ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. அருகிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. இவ்விரண்டும் கூடியிருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீவிர ஆக்சிஜனேற்றப் பொருள்கள் தோன்றிக்கொண்டே இருக்கும். அவற்றை உடனுக்குடன் அகற்றாவிடில் ஹீமோகுளோபினும் செல்லின் சவ்வும் பழுதடையும்.

காவல் நடைபெறும் முறை

அகற்றும் பணியில் முன்னிற்பது குளுட்டாதயோன். இது மூன்று அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு மூலக்கூறு. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராக மாற்றும் வினைக்குக் குளுட்டாதயோன் தன் ஹைட்ரஜனை வழங்குகிறது. வழங்கியபின் அது ஆக்சிஜனேற்றம் அடைந்து செயலற்றுப் போகிறது. அதனை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனைத் தருவது என்ஏடிபிஎச். என்ஏடிபிஎச்சைத் தருவது ஜி6பிடி. ஜி6பிடிக்குத் தளப்பொருளைத் தருவது நாம் உண்ட உணவின் குளுக்கோஸ்.

இச்சங்கிலியைப் பின்வருமாறு சுருக்கிச் சொல்லலாம். உணவிலிருந்து குளுக்கோஸ், குளுக்கோஸிலிருந்து என்ஏடிபிஎச், அதனால் புத்துயிர் பெறும் குளுட்டாதயோன், அதனால் அகலும் பெராக்சைடு, அதனால் காக்கப்படும் சிவப்பணு. இச்சங்கிலியின் ஒரு கண்ணி தளர்ந்தாலும் காவல் முழுவதும் தளரும்.

இயல்பான நாளில் சிவப்பணுவுக்குள் வரும் குளுக்கோஸில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இரண்டாம் வழியில் செல்கிறது. ஆக்சிஜனேற்ற நெருக்கடி நேரும்போது இப்பங்கு பன்மடங்கு உயர்கிறது. நொதி போதிய அளவில் இருந்தால்தான் இவ்வுயர்வு சாத்தியமாகும். ஆகவே நொதிக்குறைபாடு உள்ளவருக்கு நாள்தோறும் தொல்லை நேர்வதில்லை. நெருக்கடி வரும் நாளில்தான் குறை வெளிப்படுகிறது.

மருந்து தீங்கான புதிர்

இந்நொதி 1930களிலேயே அறிவியலுக்கு அறிமுகமாயிற்று. செருமானிய உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதனை ஆராய்ந்தனர். ஆயினும் மனித நலத்துக்கு இது எவ்வளவு இன்றியமையாதது என்பது மலேரியா மருந்து ஒன்றின் வாயிலாகவே தெரியவந்தது.

மலேரியா ஒட்டுண்ணிகளில் விவாக்ஸ் என்பது ஒரு வகை. இது கல்லீரலில் உறங்குநிலையில் தங்கி, மாதங்கள் கழிந்தபின்னும் மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்க 1926ஆம் ஆண்டளவில் பமாகுயின் என்னும் மருந்து பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதனினும் மேம்பட்ட பிரைமாகுயின் உருவாக்கப்பட்டது. கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களுக்கு அம்மருந்து வழங்கப்பட்டது. மிகப் பலருக்கு எத்தீங்கும் நேரவில்லை. ஆனால் சிலருக்கு, குறிப்பாக ஆப்பிரிக்க அமெரிக்கர் சிலருக்கு, மருந்துண்ட சில நாள்களில் சிறுநீர் கறுத்தது, கண்கள் மஞ்சளாயின, குருதி குறைந்து சோர்வு மிகுந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு. விளைவு மட்டும் ஏன் வேறுபட்டது?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்டேட்வில் சிறைச்சாலையில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்புதிரை ஆராய்ந்தனர். அவர்கள் முன் இரு கேள்விகள் இருந்தன. குறை சிவப்பணுவுக்குள் இருக்கிறதா? அன்றி, உடலின் வேறோர் இடத்தில் இருந்துகொண்டு சிவப்பணுவைத் தாக்குகிறதா? இதற்கு விடை காண அவர்கள் எளிமையும் நுட்பமும் வாய்ந்த ஒரு சோதனையை மேற்கொண்டனர்.

மருந்தால் பாதிக்கப்படுபவரின் சிவப்பணுக்களில் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, பாதிக்கப்படாதவரின் உடலில் செலுத்தினர். பின்னர் மருந்தை அளித்தனர். அடையாளமிட்ட செல்கள் மட்டும் அழிந்தன. மறுதலையாக, பாதிக்கப்படாதவரின் செல்களைப் பாதிக்கப்படுபவரின் உடலில் செலுத்தி மருந்தளித்தபோது அச்செல்கள் அழியவில்லை. புதிய உடலுக்குள் சென்றபோதும் செல் தன் இயல்பையே காட்டியது. ஆகவே குறை சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கிறது என்பது 1954ஆம் ஆண்டு உறுதியாயிற்று. அழிவன முதிர்ந்த செல்களே. இளஞ்செல்கள் தப்பிவிடுகின்றன என்பதையும் அவர்கள் கண்டனர். இளஞ்செல்களில் நொதி மிகுதியாக இருப்பதே இதற்குக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

பாதிக்கப்படுபவரின் செல்களில் குளுட்டாதயோன் நிலைத்து நிற்பதில்லை என்பதை எர்னஸ்ட் பாய்ட்லர் காட்டினார். அதனைப் புதுப்பிக்கும் சங்கிலியை ஆய்வாளர்கள் கண்ணி கண்ணியாகச் சோதித்துச் சென்றனர். 1956ஆம் ஆண்டு பால் கார்சனும் அவருடைய குழுவினரும் தளர்ந்த கண்ணியைக் கண்டுபிடித்தனர். அதுவே ஜி6பிடி.

இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தையும் நாம் மறத்தலாகாது. இச்சோதனைகளுக்கு உட்பட்டவர்கள் சிறைக்கைதிகள். அவர்கள் ஒப்புதல் அளித்தே பங்கேற்றனர் எனினும், விடுதலையற்ற நிலையில் அளிக்கும் ஒப்புதல் எந்த அளவுக்கு உண்மையான ஒப்புதல் ஆகும் என்னும் கேள்வி பின்னாளில் வலுவாக எழுந்தது. இன்றைய ஆய்வுநெறிகள் கைதிகளுக்குத் தனிப் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன. நமக்குக் கிடைத்த அறிவு யாருடைய உடலிலிருந்து பெறப்பட்டது என்பதை நினைவிற்கொள்வதும் அறிவியல் கல்வியின் ஒரு பகுதியே.

நொதி குறையும்போது

உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களுக்கு இக்குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதரிடையே மிகப் பரவலாகக் காணப்படும் நொதிக்குறைபாடு இதுவே. இவர்களுள் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் எத்தொல்லையும் இன்றி இருப்பர். தமக்கு இக்குறை இருப்பதையே அறியாமலும் இருப்பர்.

நெருக்கடி நேரும்போது நிகழ்வது இதுதான். என்ஏடிபிஎச் போதாமையால் குளுட்டாதயோன் தீர்ந்துபோகிறது. பெராக்சைடு தடையின்றி ஹீமோகுளோபினைத் தாக்குகிறது. உருக்குலைந்த ஹீமோகுளோபின் சிறு கட்டிகளாகச் செல்லின் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. இக்கட்டிகளை 1890ஆம் ஆண்டு விவரித்த ராபர்ட் ஹைன்ஸ் என்பவரின் பெயரால் இவை ஹைன்ஸ் துகள்கள் எனப்படுகின்றன. குருதி மண்ணீரலின் குறுகிய இடைவெளிகளைக் கடக்கும்போது, அங்குள்ள விழுங்கு செல்கள் இத்துகள்களைச் சவ்வோடு சேர்த்துப் பிய்த்தெடுக்கின்றன. நுண்ணோக்கியில் காணும்போது அச்செல்கள் கடித்துவைத்த முறுக்கையோ அப்பத்தையோ போலத் தோன்றும். நாளடைவில் அவை உடைந்து அழிகின்றன.

சிவப்பணுக்கள் பெருமளவில் அழிவதால் குருதிச்சோகை ஏற்படுகிறது. வெளியேறிய ஹீமோகுளோபின் சிறுநீரைப் பாலில்லாத் தேநீரின் நிறத்துக்கு மாற்றுகிறது. சிதைந்த ஹீமோகுளோபினிலிருந்து தோன்றும் பிலிருபின் மிகுந்து கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. மூச்சிரைப்பு, முதுகுவலி, கடுஞ்சோர்வு ஆகியனவும் தோன்றலாம். காரணமான பொருளை நிறுத்திவிட்டால் பெரும்பாலோர் தேறிவிடுவர். கடுமையான நிலையில் குருதி ஏற்றுதல் தேவைப்படும்.

நெருக்கடியைத் தூண்டுவன யாவை? முதலாவது, நோய்த்தொற்று. சாதாரணக் காய்ச்சலைத் தரும் தொற்றும் இதற்குப் போதுமானது. இரண்டாவது, சில மருந்துகள். மலேரியாவுக்கான பிரைமாகுயின், தொழுநோய்க்கான டாப்சோன், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோபியூரன்டாயின் ஆகியன எடுத்துக்காட்டுகள். மூன்றாவது, ஃபாவா என்னும் ஒருவகை அவரை விதை. மத்தியதரைக்கடல் நாடுகளில் இவ்விதையை உண்டபின் சிலர் திடீரென நோயுறுவதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கிரேக்க அறிஞர் பிதாகரஸ் தம் மாணாக்கர்க்கு அவரையை விலக்கினார் என்னும் மரபுச்செய்திக்கும் இதுவே காரணமாகலாம் என்று சிலர் கருதுவர். அதற்கு வேறு விளக்கங்களும் உண்டு. அவ்விதையிலுள்ள வைசின், கான்வைசின் என்னும் பொருள்கள் குடலில் சிதைந்து ஆக்சிஜனேற்றப் பொருள்களாக மாறுவதே தீங்குக்குக் காரணம். நம் வீட்டுப் பந்தலில் படரும் அவரை, ஃபாவாவினின்றும் வேறான தாவர இனம் என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்க.

நான்காவது, நாப்தலீன். பாச்சை உருண்டை என்று நாம் அழைக்கும் அந்துருண்டையில் இப்பொருள் பயன்படுத்தப்பட்டு வருகிறது. பெட்டியில் நெடுநாள் அந்துருண்டையோடு வைத்திருந்த துணியை எடுத்து அப்படியே பிறந்த குழந்தைக்குப் போர்த்தும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதன் ஆவி மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் குழந்தையின் உடலில் சேரும். நொதிக்குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்கள் இதனால் சிதையலாம். பச்சிளங்குழந்தையின் கல்லீரல் முதிர்ச்சி அடையாததால் மிகுதியான பிலிருபினை அதனால் விரைந்து வெளியேற்ற இயலாது. அது மூளையில் படிந்தால் நிலையான ஊறு விளையும். பிறந்த குழந்தையின் மஞ்சள் நிறம் மிகுமாயின், வெயிலில் காட்டினால் போதும் என்றிராமல், மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது காட்டவேண்டும். மருத்துவமனையில் நீலநிற ஒளியின்கீழ் வைத்துப் பிலிருபினைக் கரையும் வடிவத்துக்கு மாற்றும் மருத்துவம் உண்டு.

மரபுவழியும் மலேரியாவும்

ஜி6பிடி நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. ஆண்களுக்கு ஒரே எக்ஸ் குரோமோசோம் உள்ளது. அதிலுள்ள மரபணு பழுதாயின் ஈடுசெய்ய மற்றொன்று இல்லை. பெண்களுக்கு இரண்டு உள்ளன. ஆகவே கடுமையான குறைபாடு ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. மகன் தன் எக்ஸ் குரோமோசோமைத் தாயிடமிருந்தே பெறுகிறான். ஆதலால், ஒரு மரபணு மட்டும் பழுதான தாயின் ஆண்குழந்தைகளுள் ஒவ்வொருவருக்கும் குறைபாடு வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இது தற்செயலாக நிகழும் பகிர்வே. இதில் தாயின் பிழை என எதுவும் இல்லை.

இத்தகைய குறைபாடு ஏன் இவ்வளவு மக்களிடம் நிலைபெற்றது? தீங்கு தரும் மரபணு தலைமுறைதோறும் குறைந்து மறைந்திருக்க வேண்டுமன்றோ? உலகப் படத்தில் இக்குறைபாடு மிகுந்த பகுதிகளை நோக்கினால் விடைக்கான தடயம் கிடைக்கும். ஆப்பிரிக்கா, மத்தியதரைக்கடல் பகுதி, மேற்காசியா, தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகியன மலேரியா நெடுங்காலம் வேரூன்றியிருந்த பகுதிகளே. மலேரியா ஒட்டுண்ணி வளர்வது சிவப்பணுவுக்குள். அது வளரும்போது செல்லில் ஆக்சிஜனேற்ற நெருக்கடி மிகுகிறது. நொதி குறைந்த செல் அந்நெருக்கடியைத் தாங்காது. ஒட்டுண்ணி முதிரும் முன்னரே அச்செல் அகற்றப்படுகிறது என்று கருதப்படுகிறது. இதனால் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கிறது. ஓரிடத்தில் குறையாக இருப்பது மற்றோரிடத்தில் கேடயமாக அமைந்தது. இயற்கைத் தேர்வுக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

இங்கு ஒரு முரண் எழுகிறது. மலேரியாவிலிருந்து காத்த அதே மரபணு, மலேரியாவைத் தீர்க்கும் மருந்தைத் தாங்கவிடாமல் செய்கிறது. விவாக்ஸ் மலேரியா நம் நாட்டிலும் காணப்படுகிறது. பிரைமாகுயின் அளிக்காவிடில் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும். நோயாளியிடமிருந்து கொசு வழியே பிறருக்கும் பரவும். அளித்தாலோ, குறைபாடுள்ளவரின் சிவப்பணுக்கள் அழியும். ஊருக்கு நன்மை தரும் மருந்து, ஒருவருக்கு ஊறு செய்யலாம். இவ்விரண்டையும் ஒருங்கே கருதி முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு மருத்துவருக்கு உள்ளது. அப்பொறுப்பை நிறைவேற்ற உதவும் கருவியே நொதிப் பரிசோதனை.

சில துளிக் குருதியில் விடை

இப்பரிசோதனைகளுள் ஒன்று, நாம் கற்ற வினையையே அடிப்படையாகக் கொண்டது. என்ஏடிபிஎச் புறஊதா ஒளியில் ஒளிரும், என்ஏடிபி ஒளிராது. சிறிதளவு குருதியுடன் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டையும் என்ஏடிபியையும் சேர்த்து, சிறிது நேரத்துக்குப்பின் ஒரு சொட்டை வடிதாளில் இட்டுப் புறஊதா ஒளியில் காண்பர். நொதி இருந்தால் என்ஏடிபிஎச் உருவாகிப் பொட்டு ஒளிரும். நொதி குறைந்திருந்தால் பொட்டு இருண்டே இருக்கும்.

ஆயினும் முடிவைப் பகுத்தறிந்தே ஏற்கவேண்டும். சிவப்பணுச் சிதைவு நிகழ்ந்த உடனே சோதித்தால், குறைபாடுள்ளவருக்கும் இயல்பான முடிவு வரக்கூடும். நொதி குறைந்த முதிய செல்கள் அழிந்து, நொதி மிகுந்த இளஞ்செல்களே எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். எனவே சில வாரங்களோ மாதங்களோ கழித்து மீண்டும் சோதிப்பது வழக்கம். ஒரு மரபணு மட்டும் பழுதான பெண்களிடமும் இச்சோதனை தெளிவான விடை தராமல் போகலாம்.

ஜி6பிடி குறைபாட்டை முற்றிலும் நீக்கும் மருத்துவம் இன்று நடைமுறையில் இல்லை. ஆனால் அதனால் வரும் தீங்கினைப் பெரும்பாலும் தடுக்க முடியும். குறைபாடு உறுதியானவர் அச்செய்தியை எழுத்தில் வைத்திருந்து, எந்த மருத்துவரைக் கண்டாலும் முதலிலேயே தெரிவிக்கவேண்டும். மருந்துக்கடையில் தாமே கேட்டு மாத்திரை வாங்கி உண்பதைத் தவிர்க்கவேண்டும். குழந்தையின் ஆடைகளுக்கிடையே அந்துருண்டை வைக்காதிருத்தல் எல்லா வீட்டார்க்கும் ஏற்ற நல்வழக்கம். இவ்வளவில் கவனம் இருந்தால், குறைபாடுள்ளவர் கல்வியிலும் விளையாட்டிலும் தொழிலிலும் பிறரைப்போலவே வாழலாம்.

1956க்கு முன்னும் இத்துன்பம் இருந்தது. அன்று அதற்குப் பெயர் இல்லை, காரணம் தெரியவில்லை. இன்று அதன் பெயரும் காரணமும் தெரியும். சில துளிக் குருதியில் அதனைக் கண்டறியும் வழியும் உண்டு. எஞ்சியிருப்பது, அவ்வறிவு மருத்துவமனையிலிருந்து வீட்டு அலமாரி வரை சென்று சேர்வதே. அதனைக் கொண்டுசேர்ப்பவர்களுள் இப்பாடத்தைக் கற்கும் நீங்களும் அடங்குவீர்கள்.

தெரிந்து தெளிவோம்

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே செயலற்றதாகிறது என்னும் கருத்தை 1961ஆம் ஆண்டு ஆங்கிலேய மரபியலாளர் மேரி லயன் வெளியிட்டார். எது செயலிழக்கும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். ஆகவே ஜி6பிடி மரபணுக்களுள் ஒன்று மட்டும் பழுதான பெண்ணின் குருதியில், நொதி நிறைந்த சிவப்பணுக்களும் நொதி குறைந்த சிவப்பணுக்களும் கலந்தே காணப்படும். மனிதரிடத்தில் லயனின் கருத்துக்குச் சான்றாக அமைந்தவற்றுள் இந்நொதி பற்றிய ஆய்வும் ஒன்று.

கற்பவை கற்றபின்

1. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் செல்லும் இரு வழிகளை ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பயனையும் அட்டவணைப்படுத்துக.

2. ஜி6பிடி குறைபாடு பிற செல்களைவிடச் சிவப்பணுக்களை மிகுதியாகப் பாதிப்பது ஏன்? காரணங்களை விளக்குக.

3. அடையாளமிட்ட சிவப்பணுக்களை இருவருக்கிடையே மாற்றிச் செலுத்திய சோதனையில், மறுதலைச் சோதனை செய்யாமல் விட்டிருந்தால் முடிவு எவ்வகையில் ஐயத்துக்கு உரியதாகியிருக்கும்? வகுப்பில் கலந்துரையாடுக.

4. ‘ஒப்புதல் என்பது விடுதலை உள்ளவர்க்கே உரியது’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

5. பிறந்த குழந்தை உள்ள வீட்டாருக்கு அந்துருண்டையின் தீங்கினை எடுத்துரைக்கும் வகையில், எளிய தமிழில் ஒரு துண்டறிக்கை உருவாக்குக.